‘உன் இஷ்டம்’ என்று சொல்வது உதவியா?



எனக்கு வயது 38. ஊர் ஈரோடு. பத்தாவது வரை படித்தவள். கணவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரு மகள், ஒரு மகன். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். 2019-ம் வருடத்திலிருந்து வீட்டு முன்கட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். தினமும் 8 கிலோ அரிசி, 2 கிலோ உளுந்து. ஆட்டினால் சுமார் 23 கிலோ மாவு வரும். உதவிக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு அக்கா வருகிறார். ஏதோ ஆண்டவன் புண்ணியத்தில் பிள்ளைகள் ஃபீஸும் வீட்டு வாடகையும் இதில் ஓடுகிறது.

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள். "உனக்கென்னம்மா, உட்கார்ந்த இடத்தில் சம்பாத்தியம். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். நீ வைத்ததுதான் சட்டம்." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன். ஆனால் அந்த ‘நீ வைத்ததுதான் சட்டம்’ என்பதில்தான் என் தலைவலியே இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தமாகத் தையல் கடை, மெஸ், சீட்டு, பெட்டிக்கடை என்று நடத்தும் சகோதரிகளுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

மாவாட்டுகிற வேலை கஷ்டம்தான். கிரைண்டரைச் சாய்த்து மாவை வழிக்கும்போது தோள்பட்டை கழன்று விடும்போல இருக்கும். ஆனால் அந்த அலுப்பு படுத்து எழுந்தால் போய்விடும். போகாத அலுப்பு ஒன்று இருக்கிறது. சாயந்திரம் ஆறு மணிக்கு யாராவது வந்து, "அக்கா, ஒரு கிலோ வாங்கட்டுமா, ரெண்டு வாங்கட்டுமா?" என்று சும்மா கேட்டால்கூட எரிச்சல் வரும். கேட்டவர் மேல் தப்பு இல்லை. காலையிலிருந்து அது எத்தனையாவது கேள்வி என்பதுதான் விஷயம்.

ஒரு நாள் விளையாட்டாக எண்ணிப் பார்த்தேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பால்காரர் கணக்குப் போடுவதுபோல, என்னிடம் யாராவது எதையாவது கேட்டு நான் முடிவு சொன்னால் ஒரு கோடு. இன்று எவ்வளவு அரிசி ஊறப்போட? மேகமாக இருக்கிறதே, குறைக்கலாமா? உளுந்து புதுசு, தண்ணீர் கூடக் குடிக்கும்போல, என்ன பண்ண? உப்புப் போட்டு வைக்கவா, போடாமல் வைக்கவா? மாசக் கடைசி, பணம் அப்புறம் தரட்டுமா? நேற்று வாங்கினது புளித்துவிட்டது, மாற்றித் தருவீங்களா? போனில் பணம் போட்டேன், வந்துச்சா? இடையில் வீட்டுக் கேள்விகள். மதியத்துக்கு என்ன குழம்பு? சிலிண்டர் சொல்லட்டுமா? தம்பிக்கு இருமல், ஸ்கூலுக்கு அனுப்பவா? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு 500 வைக்கவா, 1000 வைக்கவா?

மதியம் 2 மணிக்குள் 61 கோடு! அதற்குமேல் எண்ணவில்லை. எண்ணுவதா வேண்டாமா என்பதே இன்னொரு முடிவாகப் போய்விட்டது.

சரி, கேள்விதானே, பதில் சொன்னால் என்ன குறைந்து போய்விடும் என்று கேட்பீர்கள். 2024 மே மாதத்தில் எனக்கு என்ன குறைந்தது என்று சொல்கிறேன்.

அக்கினி நட்சத்திர வெயில். ராத்திரி ஒன்பது மணிக்கு, தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் போன் பண்ணினார். "நாளைக்கழிச்சுக் காலையில வீடு குடி போறோங்க. நாப்பது கிலோ மாவு வேணும், விடியக்காலம் அஞ்சு மணிக்கு" என்றார். காலை பத்து மணிக்குக் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். ஃபிரிட்ஜில் இடம் இல்லை. இந்த வெயிலில் மாவு எத்தனை மணி நேரம் தாங்கும்? எத்தனை ஈடு ஆட்ட வேண்டும்? எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில், "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொல்வதைவிட "சரிங்க" என்று சொல்வது சுலபமாக இருந்தது. சொல்லிவிட்டேன். கிலோவுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொன்னார். அதற்கும் சரிங்க.

மறுநாள் சாயந்திரம் வழக்கமான வியாபாரம் இருக்குமே என்று மத்தியானமே ஆட்டி வைத்தேன். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் அடுக்களை முழுக்க மாவு பொங்கி வழிகிறது. வாயில் வைத்தால் ஒரே புளிப்பு. அந்த மாவை விசேஷ வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது? என் வீட்டுக்காரரை எழுப்பி, மாவு விற்கும் இரண்டு பேர் வீட்டுக் கதவைத் தட்டி, கடை விலைக்கே வாங்கி, நான் ஒத்துக்கொண்ட குறைந்த விலைக்குக் கொடுத்தோம். அவர்கள் வீட்டு விசேஷம் நல்லபடியாக நடந்தது. எனக்கு அரிசி, உளுந்தோடு சேர்த்து 1300 ரூபாய் நஷ்டம். புளித்த மாவில் கொஞ்சம் பணியாரம் சுட்டோம். மீதியைக் கொட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் தோழிகளே, அந்த 1300 ரூபாய் பெரிசே இல்லை. பெரிசு அதே வாரத்தில் நடந்தது.

என் மகளுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சமயம். நல்ல மார்க். ராத்திரி ஒன்பதரை மணிக்கு, கணக்கு நோட்டோடு நான் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, ப்ளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கட்டும்? பயாலஜியா, கம்ப்யூட்டரா, காமர்ஸா?" என்றாள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எதையாவது எடுத்துக்கோ, என்னைக் கேட்காதே" என்றேன்.

சத்தியமாக, என் பிள்ளை மேல் எனக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அன்றைக்கு யார் யாருக்கோ நூறு முடிவு சொல்லியாகிவிட்டது. கடைசியில் என் மகள் வந்து நிற்கும்போது பாத்திரம் காலி.

இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, சிநேகிதி எடுத்த குரூப்பையே இவளும் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று. "உனக்கு அது பிடிக்குமா கண்ணு?" என்று கேட்டேன். "நீதான் எதையாவது எடுன்னு சொன்னியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் நெஞ்சைக் கிழித்தது. மறுநாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு அவளோடு உட்கார்ந்து பேசினேன். அவளுக்குக் கணக்கு எழுதுவதில் ஆசை, அப்பா மாதிரி, ஆனால் ஆடிட்டராக வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் போய் நிலைமையைச் சொன்னேன். வகுப்பு தொடங்கவில்லை என்பதால் மாற்றிக் கொடுத்தார்கள். தப்பித்தோம். ஆனால் அதன்பிறகு ரொம்ப நாள், என்னிடம் எதையாவது கேட்கும் முன்னால், "அம்மா, இப்பக் கேட்கலாமா?" என்று ஒரு தடவை தயங்கிவிட்டுத்தான் கேட்டாள். பெற்ற பிள்ளை கடன் கேட்க வந்தவள்போல நிற்பதைப் பார்க்கிற கொடுமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

என் அக்கா மகள் காலேஜில் உளவியல் படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னேன். "சித்தி, முடிவெடுத்து முடிவெடுத்துக் களைச்சுப் போறதுன்னே ஒரு பாடம் இருக்கு" என்றாள். மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைகிற சரக்கு என்று அமெரிக்காவில் ராய் பாமிஸ்டர் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998-ல் எழுதினார்களாம். பிறகு 2016-ல் 23 ஆராய்ச்சிக் கூடங்கள் சேர்ந்து சோதித்துப் பார்த்ததில் அப்படி ஒன்றும் பெரிசாகத் தெரியவில்லையாம். இன்னும் விவாதம் நடக்கிறதாம். படித்தவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். எனக்கு என் அடுக்களையில் நடந்தது தெரியும். காலையில் நான் எடுத்த முடிவுக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு எடுத்த முடிவுக்கும் வித்தியாசம் 1300 ரூபாய். மகள் விஷயத்துக்கு விலையே போட முடியாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நான் களைத்துப் போய் என் வீட்டுக்காரரிடம் எதையாவது கேட்டால், "உன் இஷ்டம்மா, நீ எது செய்தாலும் சரி" என்பார். நல்ல மனுஷர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவார். பால் வாங்கி வரச் சொன்னால் வாங்கி வருவார். அவர் ‘உன் இஷ்டம்’ என்று சொல்வது எனக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், மூட்டையைத் தூக்கியவர் அதை எங்கே இறக்குவது, எப்போது இறக்குவது, இறக்கிய அரிசி சரியில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதையெல்லாம் என் தலையில்தான் இறக்கி வைத்திருக்கிறார். ‘உன் இஷ்டம்’ என்ற வார்த்தை, பாதி நேரம், ‘உன் பாடு’ என்பதற்கு இன்னொரு பெயர்தான்!

அவர் வேலை பார்க்கும் கடை முதலாளியும் நாள் முழுக்க முடிவெடுப்பவர்தான். எந்தச் சரக்கு வாங்க, எவ்வளவு தள்ளுபடி என்று நூறு விஷயம். ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் காபி டம்ளர் கைக்கு வரும். ராத்திரி சப்பாத்தியா தோசையா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்குப் பேதி, மருந்து கொடுக்கவா என்று கடைக்குப் போன் போவதில்லை. நம்மைப்போல வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்ணுக்குக் கடையும் வீடும் ஒரே வாசல். இரண்டு கடைக்கு ஒரே முதலாளி, ஒரே மண்டை.

இதற்கு நான் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை.

2019 ஜனவரி 1-ம் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம்தான் நான் தொழில் ஆரம்பித்தேன். "பாத்திரம் கொண்டு வந்தால்தான் மாவு" என்று சொல்லிவிட்டேன். பை கேட்டவர்களிடம் ஒரு நாளும் நான் வாதாடியது இல்லை. "தடைங்க" என்று ஒரே வார்த்தை. யாருக்கும் என் மேல் வருத்தமும் இல்லை. தினமும் பத்துப் பேருக்குப் பத்து விதமாகச் சொல்லாமல், ஒரு தடவை தீர்மானித்ததோடு முடிந்தது. மற்ற விஷயங்களையும் இப்படி ஒரேயடியாகத் தீர்மானித்தால் என்ன என்று தோன்றியது.

மூன்று மாத விற்பனை நோட்டை எடுத்துப் பார்த்தேன். சாதாரண நாளுக்கு 10 கிலோ, ஞாயிறு காலைக்காகச் சனிக்கிழமை மட்டும் 14 கிலோ என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். விசேஷ நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்தேன். இப்போது அக்கா என்னைக் கேட்பதில்லை, சுவரைப் பார்க்கிறார். வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டுவது, மார்கழியில் மாவுப் பாத்திரத்தைக் கதகதப்பான இடத்தில் வைப்பது, இவையும் அந்தத் தாளில் உண்டு.

கடன் 12 வீட்டுக்கு மட்டும், மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்களுக்கு இல்லை. பலகை எழுதி மாட்டியாகிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இவருக்குக் கொடுக்கலாமா, அவர் தருவாரா என்று மனம் கிடந்து அல்லாடும். இப்போது நான் ‘இல்லை’ சொல்வதில்லை, பலகை சொல்கிறது. இதனால் இரண்டு வாடிக்கை போனது உண்மை. போகட்டும்.

நடுவில் ஆசைப்பட்டு ராகி மாவு, கம்பு மாவு, அடை மாவு, ஆப்ப மாவு என்று ஏழு வகை போட்டிருந்தேன். எது எவ்வளவு போகும் என்று தினமும் ஏழு தலைவலி. வாங்க வருகிறவர்களும் நின்று யோசித்துவிட்டுக் கடைசியில் இட்லி மாவே வாங்குவார்கள். இதற்கும் அக்கா மகள் ஒரு கதை சொன்னாள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு பேர் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியாம். அமெரிக்காவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் வாங்கினார்கள். ஆறு வகை மட்டும் வைத்தபோது 30 பேர் வாங்கினார்கள். எல்லாக் கடையிலும் எல்லாப் பொருளுக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாதாம். என் கடைக்குச் சரியாக வந்தது. இப்போது மூன்றே வகை. முதல் மாதம் வியாபாரம் கொஞ்சம் இறங்கியது. பிறகு சமமாகிவிட்டது. வீணாவது நின்றுவிட்டது.

ராத்திரி எட்டு மணிக்குமேல் பெரிய ஆர்டருக்குப் பதில் கிடையாது. "காலையில சொல்றேங்க" என்பதோடு சரி. முதலில் நாக்குக் கூசியது. ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். நிஜமாகத் தேவைப்படுகிறவர்கள் காலையில் கூப்பிடத்தான் செய்கிறார்கள்.

இதெல்லாம் சுலபம். வீட்டில் முடிவுகளைப் பங்கு போட்டதுதான் கஷ்டம். மதியச் சமையல் என்ன என்பது இனி அத்தை பொறுப்பு. அரிசி, உளுந்து வாங்குவது, கரண்ட் பில், சிலிண்டர் எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. "வாங்கி வரச் சொல்லு" என்று காத்திருக்கக் கூடாது. எப்போது தீரும், எங்கே வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்று யோசிப்பதும் அவரே. "ஏனுங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன்!

முதல் மாதமே புது இடத்தில் இட்லி அரிசி வாங்கி வந்துவிட்டார். விலை குறைவு. ஆட்டினால் மாவு காணவில்லை, இட்லியும் கல்லு. எனக்கு வாய் வரை வந்துவிட்டது. "இதுக்குத்தான் நானே பார்த்துக்கறேன்னு சொன்னேன்" என்று கத்தியிருந்தால், மறுநாள் அந்த மூட்டை திரும்ப என் தலைக்கே வந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "மாவு குறையுதுங்க, பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவரே மூட்டையைத் திருப்பிக் கொடுத்து, பழைய அரிசியை வாங்கி வந்தார். இப்போது அரிசி பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

இதில் நம் பெண்கள் மேலும் தப்பு இருக்கிறது, கோபித்துக் கொள்ளாதீர்கள். எல்லாம் நம் கையில் இருந்தால்தான் சரியாக நடக்கும் என்று ஒரு நினைப்பு. அத்தை ஒரு வாரத்தில் மூன்று நாள் கத்திரிக்காய் வைத்தபோது எனக்கே மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் முடிவை ஒருவரிடம் கொடுத்தால், அவர் தப்புச் செய்யும் உரிமையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கத்திரிக்காய் தின்று யாரும் கெட்டுப் போனதில்லை. அத்தைக்கும் தன் சொல் வீட்டில் நடக்கிறது என்று முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, தொழிலை விட்டுவிட வேண்டியதுதானே?" என்று சில பேர் கேட்கலாம். சமையல்காரருக்குக் கை சுட்டுவிட்டது என்றால் அடுப்பையே அணைத்துவிடு என்பீர்களா? எனக்கு இந்தத் தொழில் வேண்டும். நான் கேட்பது, சின்னச் சின்ன முடிவுகளைச் சுவரும் பலகையும் வீட்டில் உள்ளவர்களும் சுமக்கட்டும். பெரிய முடிவு வரும்போது என்னிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்பதுதான்.

இதைப் படிக்கும் ஆண்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் களைத்து உட்கார்ந்திருக்கும்போது, "என்ன உதவி செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லவும் அவள்தான் யோசிக்க வேண்டும். ஏதாவது ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் இப்போது தயங்குவதில்லை. சாயந்திரம் கிரைண்டரைக் கழுவி வைத்தபின் அரை மணி நேரம் அவளுக்கும் தம்பிக்கும் என்று ஒதுக்கியிருக்கிறேன். போன வாரம் ஆடிட்டர் படிப்பு பற்றி என்னென்னவோ கேட்டாள். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்து, கடைசிவரை கேட்டேன்.

உங்கள் வீட்டில் எப்படி, சகோதரிகளே? ஒரு நாள் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். எத்தனை வந்தது என்று எனக்கும் இந்தப் பகுதியிலேயே எழுதுங்கள்.

— ஒரு வாசகி, ஈரோடு.